கரிசலில் கம்பம் நட்ட அக்கா

இந்த நினைவு மலரின் அட்டையில் எந்தப் படத்தைப் போடுவது என்று எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. அக்காவின் பிள்ளைகள் இருவரும் ஒரு படத்தை எடுத்து வைத்திருந்தார்கள். அதில் அக்கா பட்டுச்சேலை கட்டி, மடியில் வேதப்புத்தகத்தோடு நாற்காலியில் அமர்ந்திருப்பார். நல்ல படம்தான். ஆனால் அப்படி ஒரு படம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நான் பிடிவாதம் பிடித்து மாற்றிவிட்டேன். கண்டாங்கிச் சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டி, தோளில் கயிற்றுச் சுருளோடு, வானொலிக் கம்பத்தின் அடியில் நிற்கிறாரே, அவர்தான் என் அக்கா. படத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இந்தக் கட்டுரையை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சுளிக்கட்டும்.

அக்கா பிறந்தது திருச்சுழிக்கு மேற்கே செம்மண் பூமியான ஒரு செவக்காட்டு ஊரில். எங்கள் அப்பா சபை உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாள்களில் கடலைக் காடு. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோதே அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். அதன்பின் எனக்குத் தலை பின்னிவிட்டதும், சோறு பிசைந்து கொடுத்ததும், படிக்காத நாளில் முதுகில் ரெண்டு வைத்ததும் அக்காதான். எனக்கும் அவருக்கும் வயது வித்தியாசம் கொஞ்சம்தான், அதிகாரத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தான் எட்டாம் வகுப்போடு நின்றுகொண்டு, என்னை ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி அப்பாவிடம் மல்லுக்கு நின்றவர் அவர். நான் இன்று நாலு பேர் மதிக்கும் டீச்சராக இருப்பது அந்தச் சண்டையால்தான்.

அக்காவைப் பரளச்சிப் பக்கம் ஒரு கரிசல் ஊரில் கட்டிக் கொடுத்தார்கள். அத்தான் பட்டாளத்துக்காரர். யுத்தத்தில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் இருந்தவர். கல்யாணம் முடித்த கையோடு போனார். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது அவருடைய வலது முழங்கால் மடங்கவில்லை. அதைவிட மோசம், மனுஷர் பேசவில்லை. கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. காலையில் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். அந்தச் சமயத்தில் அதே ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்து, நான் அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தேன். ஆகவே இங்கே எழுதுவது எல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

அத்தானின் வாய்தான் ஓய்ந்திருந்ததே தவிர, விரல் ஓயவில்லை. கட்டில் சட்டத்தில் டக், டடக் என்று தட்டிக்கொண்டே இருப்பார். ஒருநாள் அக்கா பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"ஏங்க, என்னதான் தட்டுறீங்க?"

"உன் பேரைத்தான்" என்றார் அத்தான்.

அக்காவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. சட்டென்று அடுப்படிக்குள் போய் அழுதார். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "இப்படித் தட்டுறது இன்னொருத்தருக்குக் கேக்கணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டார். அதுதான் அக்கா. அவருக்கு அழுகைக்கும் காரியத்துக்கும் நடுவே இடைவெளி கிடையாது.

அன்று அத்தான் பேசினார். யுத்தத்தின்போது நிறுத்தி வைத்திருந்த உரிமத்தைச் சர்க்கார் இப்போது மறுபடியும் தருகிறது. பரீட்சை எழுதினால் தனி மனிதரும் வீட்டிலேயே வானொலிக் கருவி வைத்து, அவரைப்போல் உரிமம் வைத்திருக்கும் தூரத்து ஆள்களோடு தந்தி மொழியில் பேசலாம் என்றார். அவ்வளவு வார்த்தைகளை அவர் மொத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அக்கா அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாகச் சென்னைக்கு அனுப்பினார். அத்தான் பரீட்சையில் தேறினார், பட்டாளம் கழித்துப்போட்ட பழைய கருவி ஒன்றையும் வாங்கி வந்தார். மீதி ஒன்றே ஒன்றுதான். கம்பம் நிறுத்த வேண்டும். அதிகாரி வந்து கம்பத்தையும் கருவியையும் சோதித்துச் சரி என்று சொன்னால்தான் உரிமம்.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம், பங்குனி வெயிலில் அந்தக் கம்பம் எழும்பியது. பனஞ்சட்டங்களை மூன்று காலாக நிறுத்தி, குறுக்கே ஏணிப்படி போலச் சட்டம் அடித்து, தென்னையைவிட உயரமாக எழுப்பினோம். அதன் உச்சியிலிருந்து காட்டில் நின்ற ஒற்றைப் பனையின் உச்சிக்குச் செப்புக்கம்பி இழுத்தோம். கம்பி இரண்டு நுனியிலும் பீங்கான் குமிழில் கட்டியிருக்கும், மரத்தைத் தொடக்கூடாது. கம்பம் சாயாமல் மூன்று பக்கமும் ஸ்டே கம்பிகள். அவற்றைப் பிடித்து நிறுத்தத் தரையில் இரும்பு முளைகள்.

கம்பத்தில் யார் ஏறுவது? அத்தானின் கால் ஆகாது. பனையேறும் ஆள்களுக்குப் பதநீர்க் காலம், கையைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டார்கள். அக்கா சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டினார், ஏறினார். அவ்வளவுதான். ஊர் வாயைப் பிளந்தது. மறுநாளே சபை மூப்பர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, உபதேசியார் மக நீ. பொம்பளை கம்பத்துல ஏறுறது அடுக்குமா?"

"அண்ணாச்சி, ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேம்புல ஏறுனப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"அது ஆட்டுக்கும்மா."

"இது வீட்டுக்காரருக்கு அண்ணாச்சி. ஆட்டை விட அவுக கொறச்சலா?"

மூப்பர் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். பாவம், நல்ல மனிதர்தான்.

இப்போது நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பங்குனியில் கரிசல் காய்ந்து பாறைபோல் இறுகிக் கிடக்கும். அதில் முளை அடிக்கவே அத்தனை பாடு. அடித்த முளையின்மேல் அக்கா ஏறி நின்று குதித்துப் பார்த்தார். "எங்க ஊர்ல இப்படி ஒரு முளை அடிச்சா பேரப்பிள்ளை காலத்துக்கும் நிக்கும்" என்றார். அவருடைய ஊர் செவக்காடு, மழைக்கு உப்பாத மண். அத்தானோ பட்டாளத்தில் மணலிலும் மலையிலும் கம்பம் நட்டவர், அந்தக் கணக்கையே இங்கும் போட்டார். வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் கேட்டதற்கு, "பட்டாளத்துக் கம்பம்னா அதுக்கு வேற கணக்கு இருக்கும்னு நெனச்சோம்" என்றார்கள். எப்படி இருக்கிறது பாருங்கள்!

ஐப்பசியில் அதிகாரி வரும் நாள் குறித்துத் தகவல் வந்தது. அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், விடிய விடிய மழை. ஊரெல்லாம் கும்மாளம். வானம் பார்த்த பூமியில் முதல் மழை என்றால் சும்மாவா? எங்கள் தலையில்தான் விடிந்ததும் இடி விழுந்தது. கரிசல் நனைந்து உப்பி, பங்குனியில் பாறையாக இருந்த இடம் களியாகக் குழைந்து, முளைகளைத் தானே வெளியே தள்ளியிருந்தது. மேற்குப் பக்கத்து ஸ்டே கம்பி துவண்டு தொங்க, கம்பம் கிழக்கே எங்கள் கூரையின்மேல் சாய்ந்தவாறு நின்றது. இன்னொரு காற்று அடித்தால் கம்பமும் போகும், கூரையும் போகும்.

அத்தான் வாசலில் நின்று அதையே பார்த்தார். பிறகு, "போனாப் போகுது. கயித்தக் கட்டிக் கீழ எறக்கிருவோம். தயாரா இல்லைன்னு ஆபீசுக்கு எழுதிப் போட்டுருதேன்" என்றார்.

"எழுதிப் போட்டா அவுக மறுபடி வருவாகளா?" என்று கேட்டார் அக்கா.

"எங்க வாராக? நம்ம பேரை அடிச்சிருவாக."

"அப்ப நீங்க மறுபடி செவத்தப் பாத்து உக்காந்துருவீக. என்னால அதைப் பாக்க முடியாதுங்க. ஒரு தடவை பாத்தது போதும்."

அக்கா சேலையை இழுத்துச் செருகினார். "கெணத்துல மாடு கட்டிக் கமலை இறைக்க நட்ட கல்லு மட்டும் இந்த மழையில எப்படி அசையாம நிக்கி? சுக்கான் தட்டுற வரைக்கும் தோண்டித்தானே நட்டிருக்காக. நம்மளும் தோண்டுவோம். முளை வேண்டாம், பனந்தடியக் குறுக்கப் போட்டுப் புதைச்சு அதுல கம்பியக் கட்டுவோம். அதுவரைக்கும் கம்பம் விழாம இருக்க உச்சியில ஒரு வடம் கட்டணும். நான் ஏறுதேன்."

"சாஞ்ச கம்பத்துலயா? வேண்டாம் புள்ள!"

"நீங்க கீழ நின்னு எங்க கால் வைக்கணும்னு சொல்லுங்க, நான் வைக்கேன். ஆனா சத்தமாச் சொல்லணும். மேல காத்து."

கரிசலுக்குக் கீழே கிடக்கும் சுண்ணாம்புப் பாறையைத்தான் எங்கள் பக்கம் சுக்கான் என்பார்கள். அது எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்பது தோண்டினால்தான் தெரியும். ஊர் ஆள்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். அக்கா ஏறினார். "ஆத்தாடி, எறங்கு அக்கா, எறங்கு!" என்று கத்தினேன். ஒவ்வொரு படிக்கும் சட்டம் முனகியது. அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல் எழும்பியது. "இடது கால! இடது கால மேல வை! பார்த்து, அந்தச் சட்டம் வழுக்கும்! ரெண்டு கையும் விடாதே!" ஊரே திரும்பிப் பார்த்தது. அத்தான்தான். பட்டாளத்திலிருந்து வந்தபின் அந்த மனிதர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கழுத்து நரம்பு புடைக்க, மடங்காத காலை இழுத்துக்கொண்டு, சேற்றில் முன்னும் பின்னும் நடந்து கத்தினார். மேலே அக்கா வடத்தைக் கட்டிவிட்டுச் சிரித்தது எனக்குக் கீழேயிருந்து நன்றாகத் தெரிந்தது.

வடத்தின் மறுமுனையைப் பிடித்தவர்களில் முதல் ஆள் மூப்பர் அண்ணாச்சி. "கர்த்தாவே, கர்த்தாவே" என்று அவர் ஆரம்பிக்க, மேலேயிருந்து அக்கா, "ஜெபம் அப்புறம் அண்ணாச்சி, மொதல்ல இழுங்க!" என்றார். அவரும் இழுத்தார். மற்றவர்கள் தோண்டினார்கள். ஈரக் கரிசல் மண்வெட்டியை விடாது, வெட்டுவது ஒரு வேலை என்றால் வழித்துப் போடுவது இன்னொரு வேலை. சாயங்காலத்துக்குள் மூன்று குழிகளிலும் சுக்கான் தட்டியது. பனந்தடியைக் குறுக்கே கிடத்தி, கம்பியைச் சுற்றி, கல்லும் மண்ணும் போட்டு மிதித்தோம். அத்தான் "வடக்க இழு, தெக்க விடு" என்று சொல்லச் சொல்ல, கம்பம் மெல்ல நிமிர்ந்து நேராக நின்றது.

மறுநாள் பஸ் சேற்றில் மாட்டிக்கொண்டதால் அதிகாரி செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தே வந்தார். அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அக்கா உச்சியில் பீங்கான் குமிழை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அது யாரு மேல?"

"என் சம்சாரம் சார்" என்றார் அத்தான். அதை அவர் சொன்ன தோரணையை நான் என்றும் மறக்கமாட்டேன்.

அதிகாரி ஒவ்வொரு ஸ்டே கம்பியையும் பிடித்து உலுக்கினார். இம்மியும் அசையவில்லை. உள்ளே போய்க் கருவியைச் சோதித்து, யாரையாவது கூப்பிடச் சொன்னார். அத்தான் தட்டினார். ரொம்ப நேரம் இரைச்சல். பிறகு கண்டியிலிருந்து யாரோ ஒருவர் பதில் தட்டினார். பேசும் பழக்கமே விட்டுப்போன அத்தான், என்ன சொல்வதென்று தெரியாமல் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கூர்ல மழைன்னு சொல்லுங்க. அதைவிடப் பெரிய சேதி வேற என்ன இருக்கு?" என்றார் அக்கா.

அத்தான் அதைத் தட்டினார். "அங்கயும் மழையாம்" என்று சொல்லிச் சிரித்தார். அதன்பின் அவர் சுவரைப் பார்த்து உட்காரவே இல்லை. உரிமம் வந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், அருப்புக்கோட்டையில் அத்தானுக்கு வேலையும் அமைந்தது. அத்தான் பேசினார், அக்கா கம்பத்தைப் பார்த்துக்கொண்டார். வெயிலில் இற்ற கயிற்றை மாற்றுவார், செப்புக்கம்பியை ஏற்றி இறக்கும் உருளைக்கு எண்ணெய் விடுவார், உச்சியில் கட்டிய காக்கைக் கூட்டைக் குஞ்சு பறந்தபின்தான் பிரிப்பார். கருவிக்கு எர்த் கம்பி புதைத்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும் என்பதால், பாத்திரம் கழுவிய தண்ணீரையெல்லாம் அங்கேதான் ஊற்றுவார். "ரேடியோவுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்" என்பார். ஊர்ப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அத்தான் எங்களை விட்டுப் பிரிந்தபிறகும் கம்பத்தை இறக்க அக்கா சம்மதிக்கவில்லை. படுக்கையில் விழுந்த கடைசி நாள்களில்கூட, மழை பெய்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "கம்பம் நேரா நிக்கா, பாத்துட்டு வந்து சொல்லு" என்பார். நான் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். ஒவ்வொரு முறையும் நேராகத்தான் நின்றது. அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வார்.

அக்காவின் படுக்கையருகே இரவும் பகலும் இருந்து கவனித்த பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும், வீடு தேடி வந்து வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், ஜெபத்தில் தாங்கிய சபையாருக்கும், காரியாபட்டியிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் கடைசிப் பயணத்துக்கு ஓடிவந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று வடம் பிடித்தவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் அப்பாமார் பிடியை விடவில்லை, அதற்கு இந்தத் தங்கச்சியின் கும்பிடு.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அக்காவை அடக்கம் செய்த அன்று மறுபடியும் மழைக்காலம். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர்கள் ஈரக் கரிசலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் குடையோடு ஓரமாக நின்றிருந்தேன். உள்ளேயிருந்த ஆள் தலையைத் தூக்கி, "டீச்சரம்மா, சுக்கான் தட்டிருச்சு. இது போதுமா?" என்று கேட்டார்.

எனக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. "போதும்யா" என்றேன். "எங்க அக்கா கேட்டாலும் அதத்தான் சொல்லுவா."