பனி தேய்ந்த தகடு

எடைக்கல்லையே எடை போட்டுப் பார்க்கிறவள் என்று கடைத்தெருவில் அவளைப் பற்றிச் சொல்வார்கள். பாதி கேலி, பாதி உண்மை. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது தம்பி ஒருவன்தான். அவனிடம் பட்டறைச் சாவியைக் கொடுத்ததுகூட அரை மனசாகத்தான்.

அவள் செப்புத் தகட்டில் ஊசியால் கீறிப் படம் வரைபவள். தம்பி அதில் மை பூசித் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையில் ஓட்டுவான். அந்த முறை வரைந்தது பனி மூடிய நகரத்து ஆற்றங்கரை: பாலம், படகுகள், விளக்குக் கம்பங்கள். பனியைத் தனியாக அவள் வரையவில்லை. ஊசி கீறும்போது கோட்டோரம் செம்பு பிசிராக எழும்பும். அது மையைப் பிடித்துவைத்துத் தாளில் புகையாக இறக்கும். ஒவ்வொரு தாள் ஓட்டும்போதும் பிசிர் கொஞ்சம் நசுங்கும்; இருபது தாளுக்கு மேல் தாங்காது.

முதல் தாளைப் பார்த்து இருவருமே வாயைப் பிளந்தார்கள். கேட்பவர்களுக்கு ஒன்றிரண்டாக ஓட்டித் தரலாம் என்று தகட்டை அலமாரியில் வைத்தார்கள். அன்றைக்கே அவளுக்குச் சந்தேகம் வந்தது. நான் இல்லாதபோது இவன் திருட்டுத்தனமாக நாலு தாள் ஓட்டி விற்றால்? பிசிரைப் பார்த்தால் தெரிந்துவிடாதா! தினமும் காலையில் தகட்டை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள். குறைந்தமாதிரி தோன்றினால் இன்னொரு தடவை அழுத்தித் தடவுவாள்.

ஐந்தாவது தாளில் பாதிப் பனியைக் காணோம். பாலம் மொட்டை வெயிலில் நிற்பதுபோல் நின்றது.

"எத்தனை ஓட்டினே? உண்மையைச் சொல்லு."

"என்னக்கா பேசுறே? நீ சொன்னதுக்கு மேல ஒண்ணுகூட ஓட்டலை."

"அப்ப பிசிரை எலி தின்னுச்சா?"

தம்பி தகட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தான். ஓரங்களில் பிசிர் புதுசாகவே இருந்தது. உருளை நசுக்கியிருந்தால் தகடு முழுக்க நசுங்கியிருக்கும். பாலத்தின் மேல் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு தடம்.

"தினம் இங்கதானே தடவுவே? நான் பார்த்திருக்கேன். வரைஞ்சதை நீ ஆசையா தொட்டுப் பார்க்கிறேன்னு நினைச்சேன்க்கா."

அவளுக்கு முகம் செத்துப்போனது. மன்னிப்புக் கேட்காமல் தகட்டை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"வேற ஆள் பார்த்துக்கோ" என்று சாவியை மேசைமேல் வைத்தான். குரலில் கோபம்கூட இல்லை.

அவன் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்றாள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான். அவள் கூப்பிடவில்லை. இழுப்பறை, அலமாரி, தாள்கட்டு என்று ஒவ்வொன்றாகத் திறந்து, எதையாவது எடுத்துப் போயிருக்கிறானா என்று பார்த்தாள். எல்லாம் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.