பாஷா பாய் தோசைக்கல்லுக்குப் போட்ட சீசன்

ஆம்பூரில் எந்த வீட்டுத் தோசைக்கல்லானாலும் சரி, என் கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடுங்கள். தடவிப் பார்த்தே யார் வீட்டுக் கல் என்று சொல்லிவிடுவேன். சரி, ஆம்பூர் முழுக்க என்பது கொஞ்சம் ஜாஸ்திதான். எங்கள் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு சர்தார் பாஷாவுக்கு அந்த வித்தை தோலில் உண்டு. தோல் ஃபேக்டரியில், ஃபினிஷிங் செக்‌ஷனில் ஆயுசைக் கழித்தவர். பதனிட்ட தோல் மினுங்குவதற்காகக் கடைசியில் ஒரு பூச்சு அடிப்பார்கள். அதற்கு அங்கே சீசன் என்று பெயர். பாஷா சீசன் அடித்த தோலில் முகம் பார்த்து மீசை கத்தரிக்கலாம். ரிட்டையர் ஆன பிறகும் கை சும்மா இருக்கவில்லை. சைக்கிள் சீட்டு, என் மூக்குக்கண்ணாடி உறை, விருந்துக்கு வந்த மாப்பிள்ளையின் செருப்பு, எதையும் விடவில்லை. செருப்புக்கு மேலே மட்டுமல்ல, அடியிலும் பாலிஷ் போட்டிருந்தார். மாப்பிள்ளை இப்போதெல்லாம் அந்த வீட்டுக்கு ஷூ போட்டுக்கொண்டு வந்து, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்.

மகள் பிரசவத்துக்காக மனைவி நசீமுன்னிசா அரக்கோணம் போயிருந்தாள். பாஷா தானே தோசை சுட்டார். கருகிப் பிடித்த கல்லை, ஊறட்டும் என்று தண்ணீர்த் தொட்டியில் போட்டவர் அப்படியே மறந்துபோனார். “வெள்ளிக்கிழமை வர்றேன்” என்று அவள் ஃபோன் செய்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

கல்லைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தார். வார்ப்பிரும்பு மொத்தமும் செங்கல் நிறத்தில் துரு.

“டீச்சரம்மா, அவ அம்மா சீரா குடுத்த கல்லு! நான் போனாக்கூட நாலு பேர் சமாதானம் சொன்னா கேட்டுக்குவா. இது போச்சுன்னா என்னை வீட்டுல சேர்க்கமாட்டா.”

என் பேத்தி மெர்சி செல்ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “இதுக்கு இன்னா பேஜாரு பாய் தாத்தா? துருவை எடுத்துட்டு சீசன் பண்ணுங்க. புதுசாய்டும்.”

பாஷாவின் முகம் மலர்ந்தது. “சீசனா? அது நம்ம வேலையாச்சே!”

மறுநாள் கல் வந்தது. கன்னங்கரேல். பளபளப்பு. எங்கள் கூடத்தில் வைத்தால், எத்தனையோ மைல் தள்ளியிருக்கும் அமிர்திக் காட்டில் குரங்கு தாவுவது அதில் தெரிந்தது. துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்துவிட்டு, ஃபேக்டரி தோஸ்த்திடம் சீசன் வாங்கி வந்து அடித்திருக்கிறார், தோலுக்கு அடிக்கிற அதே சீசன்!

அடுப்பில் ஏற்றினோம். மாவு ஊற்றும் முன்பே வீடு செருப்புக்கடையாகிவிட்டது.

“ஆயா, இதுக்குத் தொட்டுக்க சட்னியா, சாக்ஸா?” என்றாள் மெர்சி.

“நீதானேம்மா சீசன்னு சொன்னே!” என்றார் பாஷா.

“அது எண்ணெய் சீசன் பாய்,” என்றேன். “நாங்க கல்லைப் பழக்குறதுன்னு சொல்வோமே, அதுதான்.”

பாவம், உட்கார்ந்து அந்தப் பளபளப்பு மொத்தத்தையும் திரும்பச் சுரண்டினார். கல்லுப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, கழுவி, ஈரம் சுண்டச் சூடாக்கினோம். நல்லெண்ணெயைத் துளி தொட்டுப் பூசி, பூசினதே தெரியாதபடி துடைத்து, புகையும் வரை காயவிட்டு ஆறவைத்தோம். பிறகு மறுபடியும் அதே பாடு.

“மெல்லிசா பூசணும் பாய்.”

“கோட்டு அடிக்க எனக்கேவா சொல்லிக் குடுக்குறீங்க?” என்று முறைத்தார்.

பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தோசை வார்த்தோம். முதல் தோசை கல்லைவிட்டு வரமாட்டேன் என்றது. அடுத்தது துண்டு துண்டாக வந்தது. அதற்கடுத்தது தானாக வழுக்கித் தட்டில் விழுந்தது. பாஷா அதைத் தின்னாமல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஷேடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

வெள்ளிக்கிழமை நசீமுன்னிசா வந்து இறங்கினாள். பாஷா என் முதுகுக்குப் பின்னால் நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு கல்லைத் தடவினேன்.

“பார்த்தியா நசீமா, இந்த வழவழப்பு ஒண்ணு போதும். உங்கம்மா வீட்டுக் கல்லுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்.”

அவள் பையைத் திறந்து, துணி சுற்றிய இன்னொரு கல்லை வெளியே எடுத்தாள்.

“எங்கம்மா கல்லு இதோ. பொண்ணுக்குச் சுட்டுக் குடுக்கக் கூடவே எடுத்துட்டுப் போனேன். உங்க கையில இருக்கிறது ரம்ஜானுக்கு விருந்தாளிங்க ஜாஸ்தின்னு இரவல் வாங்கினது. உங்க வீட்டுக் கல்லுதான் டீச்சரம்மா.”