கடலைத் தோலைக் கையில் ஏந்தி வந்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கம்போங் ராஜா கடையொன்றில் கீரை வாங்கிக்கொண்டிருந்த வேளையில் கைத்தொலைபேசி ஒலித்தது. மாரிமுத்து அண்ணனின் மகள் அழைத்திருந்தாள். "அத்தை, அப்பா போயிட்டாரு" என்றாள். எடுத்த கீரைக்கட்டைத் திரும்ப வைத்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்திற்குப் புறப்பட்டேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயங்களில் வாழ்வோருக்கு அண்ணனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெளியூர்களில் குடியேறிவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன்: கால்வாய் சுத்தம் செய்தவரும், குப்பை அள்ளியவரும், எலி பிடித்தவரும் அவரே. வெள்ளிக்கிழமை மாலையில் குளித்துத் திருநீறு அணிந்து லயத்துப் பிள்ளையாருக்குப் பூசை செய்தவரும் அவரே. வாரமெல்லாம் எலியைப் பிடித்துவிட்டு வெள்ளிக்கிழமை அதன் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்கிறீர்களா என்று இளைஞர்கள் சீண்டுவார்கள். "எது வண்டி, எது திருடன்னு முதலாளிக்குத் தெரியும் லா" என்பார் சிரிக்காமல்.

எலியின்மீது அவருக்குக் கோபம் இருந்ததில்லை. பொறி வைக்கும் முன் வீடு முழுவதும் தவழ்ந்து பார்ப்பார். "எலியத் தேடாத தங்கச்சி, அது என்னா திங்குதுன்னு தேடு" என்று என்னிடம் பலமுறை கூறியிருக்கிறார்.

தாய்மார்கள் கொழுந்து பறிக்கச் செல்லும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், தொட்டிலில் உறங்கிய சரசுவின் கைக்குழந்தையை எலி கால்விரலில் கடித்துவிட்டது. இரண்டு வாரத்தில் எலிகள் ஒழியாவிட்டால் கொட்டகையை மூடிவிடுவதாக மானேஜர் அறிவித்தார். மூடினால், தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டில் பூட்டிவிட்டு மலையேற வேண்டும். இல்லையேல் வேலையை விட வேண்டும்.

லயம் முழுவதும் ஒரே திசையில் விரல் நீட்டியது. பக்கத்து விடுதியில் தங்கியிருந்த வங்காளதேசத் தொழிலாளர்களின் சமையலறையே காரணம் என்றார்கள். நானும் அவ்வாறே நம்பினேன். அவர்களை வேறிடத்திற்கு மாற்றக் கோரி, 'லயத்து மக்கள்' என்று கீழே குறிப்பிட்டு மானேஜருக்கு ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதினேன். பள்ளியில் படிக்காமல் நானே முயன்று கற்ற மலாய் மொழியில், ஒரு பிழையும் இன்றி அமைந்த கடிதம் அது.

அண்ணன் கொட்டகையில் வைத்த எலிக்கூடுகளிலோ கருவாடு தொடப்படாமல் கிடந்தது. எட்டாம் நாள் அவர் தொட்டில்களுக்கு அடியில் படுத்து, சுவரோர இடுக்கில் கைவிட்டுத் துழாவினார். எழுந்தபோது அவர் உள்ளங்கையில் மஞ்சள் படிந்த கொண்டைக்கடலைத் தோல்களும் ஒரு தேங்காய்ச் சில்லும் இருந்தன.

"இது நான் அவிச்ச கடல" என்றார்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் பிள்ளையாரின் மூஞ்சூறுச் சிலையின் காலடியில் சுண்டலும் கொழுக்கட்டையும் வைத்து, விடியும்வரை எவரும் தொடலாகாது என்பது அவர் தாமே ஏற்படுத்திய வழக்கம். போதாததற்கு, வீட்டுக்கு வீடு தினமும் ஏதேனும் படைத்துவிட்டுப் போனோம். அண்ணன் பிள்ளையார் மேடையின் பின்புறம் சென்று ஒரு பலகைக்கல்லை நகர்த்தினார். உள்ளே வளைகள்; வளை வாயில்களில் குவியலாகத் தோல்கள். அங்கே வயிறு நிரப்பிய எலிகள் மலைக்குளிருக்கு அஞ்சி எங்கள் கொட்டகைச் சுவரில் ஒதுங்கியிருந்தன.

"இன்னொரு கடுதாசி எழுதும்மா. வங்காளப் பசங்க மேல குத்தமில்ல. எலிக்குச் சோறு போட்டது மாரிமுத்துன்னு எழுது."

எல்லோரும் படைத்ததுதானே, எல்லோரும் என்றே எழுதலாமே என்றேன்.

"எல்லாரும்னு எழுதுனா யாருமில்லன்னு அர்த்தம், தங்கச்சி."

எழுதிக் கொடுத்தேன். அவரே அலுவலகத்திற்குக் கொண்டு சென்றார். கணக்கெழுதும் கிராணியின் முன்னிலையில் மானேஜர் அவரைக் கடுமையாக ஏசினார் என்று பின்னர் அறிந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பூசை முடிந்ததும் படையல் அனைத்தையும் கைகளில் பகிர்ந்துவிட்டுத் தட்டைக் கழுவ எடுத்தார். சாமி சோற்றில் கை வைக்கிறாயா என்று ஒரு மூதாட்டி சினந்தார். "சாமி சாப்பிட்டுட்டாரு அக்கா. தட்டு கழுவுறது நம்ம வேலதானே" என்றார் அண்ணன். மறுநாள் வளைகளைக் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் இட்டு அடைத்தார். பசித்த எலிகள் கருவாட்டைத் தேடிக் கூடுகளுக்கு வந்தன. தவணை முடியும் முன்பே கொட்டகையின் தரை தூய்மையாயிற்று. கொட்டகை மூடப்படவில்லை. கடிபட்ட சரசுவின் மகள் இன்று பள்ளி மாணவி.

அண்ணனின் பாடையைச் சுமந்தவர்களுள் இருவர் அந்த விடுதித் தொழிலாளர்கள். தங்களை வெளியேற்றக் கோரிய கடிதத்தை எழுதியவர் யார் என்பதை அவர்கள் அறியார். அண்ணன் அறிவார், எவரிடமும் கூறியதில்லை, என்னிடம் ஒருமுறை சுட்டிக்காட்டியதும் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, குற்றத்தின் அருகில் தம் பெயரைத் தாமே எழுதச் சொன்ன அந்தத் துணிவை. அதனை இதுநாள்வரை பயன்படுத்தாமலே வைத்திருந்தேன். அண்ணா, அந்த முதல் கடிதத்தை எழுதியவர்கள் லயத்து மக்கள் அல்லர். நான்.