என் கணவர் கோர்ட்டில் தலையாட்டினார்

என் கணவர் மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். சென்ற ஆண்டு, அவர் லோரியில் இருந்தது திருட்டுக் குலை என்று போலீஸ் பிடித்து, மறுநாள் கோர்ட்டில் நிறுத்தியது.

குற்றச்சாட்டை மலாயில் வாசித்து, ஒத்துக்கொள்கிறாரா என்று கேட்டார்கள். இவர் தலையாட்டி, "யா, புவான்" என்றார்; ஆமாம் அம்மா என்று. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மாஜிஸ்திரேட் இளம் பெண். ஒத்துக்கொண்டால் என்ன தண்டனை என்று தெரியுமா எனக் கேட்டார். அதற்கும் தலையாட்டல்தான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்தார். அந்த அம்மாள் கேட்டார்:

"அண்ணே, நீங்க திருடுனீங்களா?"

"ஐயோ, இல்லம்மா! வேலை வாங்குற மண்டோர் ஏத்தச் சொன்னாரு, ஏத்துனேன்."

குற்றத்தை மறுத்ததாகப் பதிவு செய்து, வழக்கை விசாரணைக்கு வைத்து, ஜாமீன் கொடுத்தார் மாஜிஸ்திரேட். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டது நான். கோர்ட் தவணை நாளுக்கு இவர் வராவிட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

வெளியே வந்ததும், "ஏங்க தலையாட்டுனீங்க?" என்றேன்.

"பெரியவங்க பேசுனா ஆட்டுறதுதானே. தோட்டத்துல மேனேஜர் முன்னால எங்கப்பாவும் அப்படித்தான் லா."

இப்போதெல்லாம் கிளினிக்கோ பேங்கோ, "என்ன சொன்னாங்க, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டு, இவர் சொன்ன பிறகே அங்கிருந்து நகர்கிறேன்.

போன தவணையில் மாஜிஸ்திரேட் ஏதோ நீளமாகப் பேசினார். தனக்கு விளங்கவில்லை என்று இவர் மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். பின்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தது நான்தான்.