பச்சை விளக்கு அணையவில்லை

சுதா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. சொந்த ஊர் ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்த கையோடு வந்தவளை சால்டரிங் மேசையில் உட்கார வைத்தார்கள். சில வருஷங்களில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் மேசைக்கு நகர்ந்தாள். போர்டுக்கான சர்க்யூட்டை வடிவமைத்துப் போட்டுக்கொண்டிருந்த இன்ஜினியர் வெளிநாடு போனதும் முதலாளி ஞானசேகரன் வேறு ஆளைத் தேடவில்லை. "நீங்களே போடுங்க சுதா, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அன்றைக்கு அவளுக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கம்பெனி தயாரித்தது பிரஸ் மெஷினுக்கான ஒளித்திரை. தகட்டை அழுத்தி வெட்டும் அந்த மெஷினின் வாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு சட்டங்கள் நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி பாய்ந்துகொண்டிருக்கும். கை குறுக்கே போனால் ஒளி தடைபடும். சேதி கேபிள் வழியாகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போய், மெஷின் பாதியிலேயே நின்றுவிடும்.

பழைய மாடலில் ஒரு தொல்லை இருந்தது. பிரஸ் ஷாப் என்கிற அந்தப் பட்டறைகளில் பெரிய மோட்டார்கள் ஓடும், பக்கத்திலேயே வெல்டிங் நடக்கும். அவற்றிலிருந்து வரும் மின் இரைச்சல் கேபிளில் ஏறி, கை இல்லாதபோதும் மெஷின் நின்றுவிடும். நாளைக்கு இருபது தடவை நின்றால் யார் பொறுப்பார்கள்? சில ஷாப்களில் ஒளித்திரையையே கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள்.

சுதா அதை எல்விடிஎஸ் முறைக்கு மாற்றினாள். ஒரே சேதியை, முறுக்கிய இரண்டு கம்பிகளில் எதிரெதிராக அனுப்பும் முறை அது. அனுப்புகிற சில்லு டிரைவர், வாங்குகிற சில்லு ரிசீவர். இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் உள்ள மின்னழுத்த வித்தியாசம் ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான். ரிசீவர் அந்த வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறுவதால் வித்தியாசம் கெடாது. புது போர்டைப் போட்ட பிறகு மெஷின்கள் வீணாக நிற்பது ஒழிந்தது. நாற்பத்திரண்டு ஷாப்கள் வாங்கின.

ரிசீவரோடு வந்த விவரக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. கேபிள் அறுந்து உள்ளே சேதியே வராமல் போனால், ரிசீவர் 'ஹை' என்ற நிலையில் நிற்கும். சுதா அதைப் படித்தாள். தாறுமாறாக ஆடாமல் ஒரே நிலையில் நிற்கிறதே, நல்லதுதான் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினாள். அவள் போட்ட சர்க்யூட்டில் 'ஹை' என்றால் கை இல்லை, மெஷின் ஓடலாம் என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்து அவள் யோசிக்கவில்லை. பழைய மாடலில் கேபிளைப் பிடுங்கிச் சோதித்திருந்தார்கள், மெஷின் நின்றது. புது மாடலில் அந்தச் சோதனையை யாரும் திரும்பச் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

அந்த நாற்பத்திரண்டில் ஒன்று காட்டுப்பாக்கத்தில் இருந்த ஒரு பிரஸ் ஷாப். வேம்புலியம்மாளுக்கு நாற்பத்தாறு வயது, அங்கே ஆறு வருஷமாக ஒரே மெஷினில் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தகடு வெட்டும் இரும்பு அச்சு ஏற்றிவந்த தள்ளுவண்டி அந்த மெஷினின் கேபிள்மேல் ஏறி அதை அறுத்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியில், கை இல்லை என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், சிக்கிக்கொண்ட தகட்டை எடுக்க வேம்புலியம்மாள் எப்போதும்போலக் கையை உள்ளே விட்டாள். மெஷின் நிற்கவில்லை. வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன.

போன் பேசிக்கொண்டே வேலை செய்தாள் என்று ஷாப்காரர்கள் எழுதி வைத்தார்கள். போர்டைப் பார்த்துவர சுதாவை அனுப்பினார் ஞானசேகரன். அறுந்த கேபிளைப் பார்த்ததுமே விவரக் குறிப்பில் படித்த அந்த வரி அவளுக்கு நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து, தன் மேசையில் இருந்த ஒரு புது போர்டை ஓடவிட்டுக் கேபிளைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி சொருகிப் பிடுங்கினாள். எரிந்தது.

"சார், கேபிள் அறுந்தா நம்ம போர்டு கை இல்லைன்னு சொல்லுது" என்றாள் ஞானசேகரனிடம்.

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். "கேபிளை அறுத்தது அவங்க வண்டி. அந்தம்மா போன் பேசினதா அவங்களே சொல்றாங்க. நாம எதுக்குப் போய்த் தலையைக் குடுக்கணும்?"

"இன்னும் நாப்பத்தோரு எடத்துல இதே போர்டு ஓடுது சார்."

"இனிமே பண்றதுல மாத்திக்கலாம்."

"அதுக்குள்ள இன்னொண்ணு அறுந்தா?"

அவர் மெதுவாகச் சொன்னார். "அது நீங்க போட்ட சர்க்யூட். கேஸுன்னு வந்தா உங்க பேர்தான் முதல்ல வரும். நல்லா யோசிச்சுக்கோங்க." அவர் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் கணவன் திருவேங்கடம் ஆவடியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப இன்னா பண்ணலாம்ன்ற?" என்றான்.

"எல்லா போர்டையும் மாத்தணும். அவரு ஒத்துக்கலைன்னாலும்."

"செரி, சாமானை எடுத்துகினு வண்டில ஏறு."

சுதா லீவு போட்டுவிட்டாள்; ஒன்பது நாள் ஷாப் ஷாப்பாகச் சுற்றினார்கள். செய்ய வேண்டியது அதிகமில்லை. கேபிளின் ஒரு முனையில் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிச் சால்டர் செய்து, அதற்கேற்பப் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். அப்புறம் 'ஹை' என்றால் கை இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும், கேபிள் அறுந்தாலும் மெஷின் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம். சில ஷாப்களில் மெஷினை நிறுத்த மாட்டோம் என்றார்கள். சுதா கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒரு மரக்கட்டையை மெஷினுக்குள் நீட்டிக் காட்டினாள். கட்டை நசுங்கிச் சிதறியதைப் பார்த்த பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை. பூந்தமல்லியில் ஒரு ஷாப்பில் கேபிள் ஏற்கெனவே அறுந்திருந்தது. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மெஷினில் நின்றிருந்தவர் தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பத்தாவது நாள், விபத்தை விசாரித்துக்கொண்டிருந்த அரசாங்க அதிகாரியிடம் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதற்கு மறுநாள் ஞானசேகரன் அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பிறகுதான் வேம்புலியம்மாளைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனாள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள் அவள்.

"யாரும்மா நீ?"

"அந்த மெஷின்ல பச்சை வெளக்கு எரியுற பெட்டி... அந்த போர்டை நான்தான் செஞ்சேன். தப்பு அதுல இருந்துச்சு. உங்க மேல இல்ல. விசாரிக்கிற அதிகாரிகிட்டயும் எழுதிக் குடுத்துட்டேன்."

"நான் போன் பேசல. என் போனு பையில, பையி ஆணில தொங்கிகினு இருந்துச்சு. எத்தினி வாட்டி சொன்னேன், எவனும் காதுல வாங்கல." மூச்சு வாங்கியது. "செரி, இன்னா பண்ணியிருந்தா என் கையி தப்பிச்சிருக்கும்?"

சுதா பொய் சொல்ல நினைக்கவில்லை. "ரெண்டு ஒயரை மாத்திப் போட்டிருக்கணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

வேம்புலியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. கடைசியில், "நீ கெளம்பு. உன்னாண்ட பேச எனக்கு இன்னொண்ணும் இல்ல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விசாரணையில் வேம்புலியம்மாள்மேல் போட்ட பழி நீங்கியது, நஷ்டஈடும் கிடைத்தது. சில மாதம் கழித்து சுதா மறுபடி போனபோது வீடு பூட்டியிருந்தது. செம்பரம்பாக்கத்தில் மகள் வீட்டோடு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

இந்தக் கேஸுக்குப் பிறகு ஞானசேகரனின் கம்பெனி ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. பதினோரு பேருக்கு வேலை போனது. சுதா இப்போது எஸ்டேட்டிலேயே வேறு ஒரு கம்பெனியில் போர்டுகளைச் சோதிக்கிறாள். சர்க்யூட் போடச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டாள். பழைய கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர் சாயங்காலம் அதே பஸ் ஸ்டாப்புக்கு வருகிறார்கள். அவளைக் கண்டால் நாலடி தள்ளிப் போய் நிற்கிறார்கள்.