முதுகுப் பக்கம்

வனத்துறை நாற்றுப்பண்ணையின் விதையறையில் அவளுக்கு உப்புத்தாள்காரி என்று பெயர். ஓடு கல் மாதிரி இருக்கும் விதைகளுக்குள் தண்ணீர் இறங்காது, முளைக்காது. அவற்றை உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, தண்ணீருக்கு வழி விடுவது அவள் வேலை.

கணவன் இறந்த சில வாரங்களில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அழுகை வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் பதில் சொன்னாள். கணவனின் தங்கையும் அங்கேதான் மண் கலக்கிறாள். அவளுக்கோ வாய் ஓயாது.

"அண்ணி, காலைல சமையல்ல உப்பே இல்ல. எல்லாத்தையும் தாள்லயே விட்டுட்டீங்களா?"

அண்ணி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

அன்று மேசைக்கு வந்தது அரிய விதை. அந்த இனத்தில் காய்த்துக்கொண்டிருந்த கடைசி மரம் புயலில் சாய்ந்துவிட்டது. இனி விதை என்றால் அந்த ஒரு டப்பாதான். இதற்கு முளை கூர்முனையில் இருக்கிறது, முதுகைத்தான் தேய்க்க வேண்டும் என்று அதிகாரியம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் அவள் இத்தனை வருடம் தேய்த்த விதைகளுக்கெல்லாம் கூர்முனையில்தான் வழி. கை தன் பழக்கத்துக்குப் போனது. தேய்ந்துபோன முளைகள் தாளில் வெள்ளையாக ஒட்டியபோதுதான் பார்த்தாள். டப்பாவில் ஒரு கைப்பிடிதான் மிச்சம்.

அதிகாரியம்மாவிடம் போய்ச் சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை. அவரைப் பயமுறுத்தியது அதுதான்.

"மீதிய உங்க நாத்தனாரே தேய்க்கட்டும்."

"என் கை மண்வெட்டி புடிச்ச கை மேடம், மாவாக்கிடும்," என்றாள் நாத்தனார். "அண்ணியே தேய்க்கட்டும். நான் பக்கத்துல உக்காந்து, முதுகு மேல வர்ற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்கறேன்."

அப்படியே செய்தார்கள். அன்று முழுவதும் நாத்தனார் வாய் திறக்கவில்லை.

கெட்டுப்போனவற்றை ஒரு மணல்தட்டிலும் மற்றவற்றை இன்னொன்றிலும் விதைத்தார்கள். பல நாள் கழித்து ஒரு காலை, இரண்டாவது தட்டில் மணல் வெடித்து வெளிறிய தண்டு ஒன்று வளைந்து நின்றது. பக்கத்திலேயே இன்னொன்று. நாத்தனார் உடைந்து அழுதாள்.

"எங்க அண்ணனுக்குக்கூட நான் இப்படி அழல. உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா அண்ணி?"

"வரமாட்டேங்குது," என்றாள் அவள். தெளிப்பானை எடுத்து முளைத்த தட்டை நனைத்தாள். பிறகு கெட்டுப்போனவற்றை விதைத்த தட்டையும் நனைத்தாள்.

"அதுல ஒண்ணுமில்லையே அண்ணி."

"காஞ்சிருக்கு," என்றாள்.