தடி லாரிக்கு ஏற்றிய சமையல் கேஸ்

ரசலையன் அண்ணனுக்கு இந்த வயதில் மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை லாரி ஓட்டக் கூடாது. வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலுக்குப் போக வேண்டும், மத்தியானம் மீன் குழம்பு ஊற்றிச் சோறு தின்ன வேண்டும், பாயை விரித்துச் சாய்ந்தால் யாரும் வந்து எழுப்பக் கூடாது. இதற்கு மேல் அந்த மனுஷன் யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. இதுகூட நேரே கிடைக்கவில்லையே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால் கொஞ்சம் கூடக்குறையப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நேசையன். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் லாரிக்கும் வேனுக்கும் வயரிங் பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். அண்ணன் எனக்கு ரத்த உறவு இல்லை. ஒரே ஊர், ஒரே சபை. கோயில் என்று நான் சொல்வது எங்கள் சி.எஸ்.ஐ. சர்ச்சைத்தான், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்து இடம். என் இடத்தில் நான் இருப்பேன், அவர் இடம் காலியாகக் கிடக்கும்.

அண்ணன் மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனராக ஏறியவர். பிறகு சவூதியில் டிரெய்லர் ஓட்டினார். அங்கே வெள்ளிக்கிழமை லீவு, ஆனால் போக ஒரு கோயில் கிடையாது. இங்கே திரும்பி வந்து பழைய டாரஸ் ஒன்றை வாங்கினார், பத்துச் சக்கர வண்டி. இங்கே கோயில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, லீவு கிடையாது. இதை அவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

அவருக்குக் கிடைத்த லோடு அப்படி. குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் பால் வற்றிய ரப்பர் மரங்களை முறிப்பார்கள். அந்தத் தடியைக் கேரளத்தில் பெரும்பாவூரில் இருக்கிற பிளைவுட் மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். ரப்பர் தடி பொல்லாத சரக்கு. முறித்துப் போட்டு நாலு நாள் கிடந்தால் பூசணம் பிடித்துக் கறுத்துவிடும், மில்காரன் தொடமாட்டான். சனிக்கிழமை முறித்த தடி திங்கட்கிழமை விடியும்போது மில் வாசலில் நிற்க வேண்டும். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் லோடு ஏற்றி, மத்தியானம் யாராவது வண்டியை எடுத்தாக வேண்டும். ஆறு நாள் ஓட்டம் டீசலுக்கும் டயருக்கும் போய்விடுகிறது, ஏழாவது நாள் ஓட்டம்தான் வீட்டுக்கு என்று அண்ணன் சொல்லுவார். கணக்கு சரிதான். உடம்பு மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை.

என் கடைக்கு வந்தால் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே உறங்கிப்போவார். ஹாரன் ரிலேயை மாற்றிவிட்டு நான் ஹாரனை அடித்துச் சோதிப்பேன், ரோட்டில் போகிறவன் எல்லாம் திரும்பிப் பார்ப்பான், அவர் அசைய மாட்டார். இப்படி ஒருத்தர்தான் ஸ்டியரிங் பிடித்துப் பெரும்பாவூர் வரை போய் வந்தார்.

இந்த நேரத்தில்தான் ஷிஜின் என்று ஒருத்தன் முளைத்தான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துக்காரன், வளைகுடாவில் ஜெனரேட்டர் வேலை பார்த்துவிட்டு வந்தவன். டீசல் எஞ்சினுக்குள் கேஸ் ஏற்றிக் கொடுக்கிறான் என்று லாரிக்காரர்களுக்குள் பேச்சு. சங்கதி பெரிய மாயம் ஒன்றும் இல்லை. சிலிண்டரிலிருந்து ஒரு குழாய், நடுவில் கேஸைக் கூட்டக் குறைக்க ஒரு குமிழ், குழாயின் முனை எஞ்சின் காற்று இழுக்கிற வழியில். காற்றோடு கொஞ்சம் கேஸும் உள்ளே போகும். டீசல் எரியும்போது இதுவும் சேர்ந்து எரியும், புகையாகப் போகிற டீசலும் வீணாகாமல் எரியும், அதனால் டீசல் குறைவாகப் பிடிக்கும். அண்ணன் இதைப் போனில் வீடியோவாகப் பார்த்துப் பார்த்து எனக்கும் காட்டினார்.

"லேய் நேசையா, அஞ்சுல ஒரு பங்கு டீசல் மிஞ்சும்னு சொல்லுதான். அது மிஞ்சினா எனக்கு ஞாயித்துக்கெழம ஓட்டம் வேண்டாம், கேட்டியா."

நான் விடவில்லை. இது சட்டத்துக்கு ஆகாது, ஆர்.டி.ஓ. கண்ணில் பட்டால் வண்டியைப் பிடித்துப் போடுவான், ஒன்று கிடக்க ஒன்று ஆனால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிப்பான், போதாக்குறைக்குக் கேபினுக்குப் பின்னால் ஒரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு யாராவது ஊர் சுற்றுவார்களா என்று கத்தினேன். என் வாய் அப்படி. அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்.

"நீ சொல்லுதது எல்லாம் உள்ளதுதான்," என்றார். "எனக்கு ஒறங்கணும் மக்கா."

நான் டெஸ்டரை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குக் கீழே புகுந்தேன்.

ஷிஜின் வண்டியில் குழாயைப் பொருத்தினான். சிலிண்டர் எங்கிருந்து வந்தது என்றால், அவர் மனைவி ராஜபாய் மைனியின் அடுக்களையிலிருந்து. வீட்டில் இருந்த இரண்டும் மாறி மாறி வண்டிக்குப் போயின. மைனி பின்பக்கத்துக் கொட்டகையில் பழைய விறகடுப்பை மெழுகி மறுபடியும் பற்றவைத்தார். ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஈர ரப்பர் விறகை ஊதிக்கொண்டிருந்தார். இது என்ன கோலம் மைனி என்று கேட்டேன். வாரத்தில் ஒரு நாளாவது அவர் மனுஷனாக இருக்கட்டும், எனக்குப் புகை பழகிப்போகும் என்றார். கோயிலில் மைனி உட்காருவது பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு. கல்யாணம் ஆன நாளிலிருந்து பாட்டு நடுவில் திரும்பித் திரும்பி அந்தக் காலி இடத்தைத்தான் பார்ப்பார்.

ஷிஜினையும் குற்றம் சொல்ல முடியாது. குமிழில் ஒரு இடத்தில் சிவப்புப் பெயின்ட் தொட்டு வைத்து, இதைத் தாண்டித் திருகக் கூடாது என்று அடித்துச் சொல்லியிருக்கிறான். தாண்டினால் கேஸ் நேரத்துக்கு முன்னால் எரிந்து பிஸ்டனை அடிக்கும் என்றும் சொல்லியிருக்கிறான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், நான் நினைத்தபடி ஒன்றும் வெடிக்கவில்லை. கரும்புகை நின்றது. எஞ்சின் சத்தம் பதமாயிற்று. டீசலும் அவன் சொன்ன அளவுக்கே மிஞ்சிற்று. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தார். முதல் வாரம் புது மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எந்தப் பாட்டுக்கு எழும்ப வேண்டும் என்று என்னைப் பார்த்துப் பார்த்து எழும்பினார். பெண்கள் பக்கத்திலிருந்து மைனியின் குரல் தனியாக உயர்ந்து கேட்டது. சந்தோஷப்பட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரமும் வந்தார், அதற்கு அடுத்த வாரமும் வந்தார்.

லோடு பிடித்துக் கொடுக்கிற புரோக்கர் பெயர் அனில்குமார். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், அவன் சோலியை அவன் பார்க்கிறான். தோட்டத்துச் சரிவில் லோடு ஏற்றிய டாரஸ் முக்காமல் முனகாமல் ஏறி வருவதை நின்று பார்த்திருக்கிறான். இந்தத் தொழிலில் கூலி டன் கணக்குக்கு. இவ்வளவு இழுவை இருக்கிற வண்டியில் இன்னும் நாலு தடி வைத்தால் என்ன என்று கேட்டான். வைத்தார்கள். பாரம் கூடினால் டீசல் கூடக் குடிக்காமல் இருக்குமா? கேஸ் மிச்சப்படுத்தியதை அந்த நாலு தடி தின்றது. அண்ணன் குமிழைக் கொஞ்சம் திருகினார். அடுத்த லோடில் இன்னும் நாலு தடி. சிவப்புப் பெயின்ட் எப்போது தாண்டிப் போயிற்று என்று அவருக்கே ஓர்மை இல்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அனில்குமார் கூப்பிட்டான். மற்ற வண்டிகள் ஊர்ந்து போகின்றன, விடியும் முன்னால் மில்லில் போய் நிற்க உங்கள் வண்டியால்தான் முடியும், இந்த ஒரு ஞாயிறு மட்டும் என்றான். அந்த ஒரு ஞாயிறு எல்லா ஞாயிறும் ஆயிற்று. நீங்கள் முடியாது என்று சொன்னால் அவன் என்ன தலையையா வாங்கிவிடுவான் என்று அண்ணனிடம் சண்டைக்கே போனேன். ஒரு தடவை மறுத்தவனுக்கு மாதக் கணக்கில் போன் வராது என்றார். அவரிடம் கோபித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது? குரல் எழும்பக்கூடத் தெம்பில்லாமல் நின்றார். பெஞ்சில் அவர் இடம் மறுபடியும் காலி, கொட்டகையில் மைனி மட்டும் விறகை ஊதிக்கொண்டே இருந்தார்.

வண்டி பழுதாகி நின்ற நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பெரும்பாவூர் போகிற வழியில் கிளிமானூர் தாண்டி ஒரு ஏற்றம். கிணுகிணு என்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. தடி லோடு ஓட்டுகிறவனுக்கு அந்தச் சத்தம் வந்தால் புத்தி நேரே ஒரே இடத்துக்குத்தான் போகும். தடியைக் கட்டியிருக்கிற இரும்புச் சங்கிலி தளர்ந்துவிட்டது என்று. தளர்ந்த சங்கிலியோடு போனால் தடி சரிந்து பின்னால் வருகிறவன் மேல் விழும். அண்ணன் ஓரம்கட்டி இறங்கிச் சங்கிலியை இறுக்கினார். ஏறி எடுத்தார், மறுபடியும் கிணுகிணு. மறுபடியும் இறங்கினார், கம்பியைப் போட்டு இன்னும் முறுக்கினார். மழை வேறு தூறியிருக்கிறது. சத்தம் வந்ததோ எஞ்சினுக்குள்ளிருந்து. அளவுக்கு மீறின கேஸ் முந்தி எரிந்து பிஸ்டனைக் கொட்டுகிற சத்தம். ஒரு கார் டிரைவராக இருந்தால் பானெட்டைத் திறந்து பார்த்திருப்பான். வருஷக்கணக்காகத் தடி ஏற்றியவர் பின்னால் போய்ச் சங்கிலியைப் பார்த்தார்.

வளைவு ஏறும்போது ஒரு வெடிச் சத்தம், வெள்ளைப் புகை, வண்டி நின்றுவிட்டது. திங்கட்கிழமை தடியை வேறு வண்டிக்கு மாற்றினார்கள். டாரஸைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒர்க்ஷாப்பில் எஞ்சின் ஹெட்டைக் கழற்றியபோது நானும் நின்றேன். ஒரு பிஸ்டனின் தலை உருகி உடைந்து கிடந்தது. அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"சங்கிலியவே நெனச்சிட்டு இருந்துட்டேன் மக்கா. வண்டி கூப்பிடுகுதுண்ணு மனசுல வரல்ல."

ஷிஜினைத் திட்டவில்லை, அனில்குமாரைத் திட்டவில்லை. நான் இரண்டு பேரையும் அவருக்கும் சேர்த்துத் திட்டினேன். அவருக்கு அதைக் கேட்கவும் அலுப்பாக இருந்தது, வெளியே போய் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

வண்டி வேலை முடிய எத்தனை வாரம் ஆகுமோ தெரியாது. ஆனால் அந்தச் சனிக்கிழமையே அனில்குமாரின் போன் வந்தது. வேறொரு முதலாளியின் லாரி லோடோடு நிற்கப்போகிறது, டிரைவர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வந்து எடுக்க முடியுமா என்று கேட்டான். அண்ணன் சரி என்றார். மைனி வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலையில் கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் அவரேதான் காதோடு சொன்னார். முதல் பாட்டுக்கு எழும்பினார். பாடம் வாசிக்கும்போது கண் சொருகிற்று. போதகர் பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தலை என் தோளில் வந்து விழுந்தது. நல்ல கனம். பிறகு மெல்லக் குறட்டை. முன்பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் சபையில் உறங்குகிறவனை விலாவில் இடித்து எழுப்புவது வழக்கம், நான் இடிக்கவில்லை. அப்போது அவர் சட்டைப் பையில் போன் வெளிச்சம் காட்டி அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த மைனி மூன்றாவது பெஞ்சிலிருந்து எழும்பினார். பிரசங்கம் நடக்கும்போதே நடுப்பாதையைக் கடந்து ஆண்கள் பக்கம் வந்தார். குனிந்து அண்ணன் பையிலிருந்து போனை எடுத்தார். எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் வாசல். அங்கே நின்று பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"அவரு ஒறங்குதாரு," என்றார். அந்தப் பக்கம் அனில்குமார் என்னவோ நீளமாகச் சொன்னான். "இல்ல, எழுப்ப மாட்டேன். வேற ஆள விட்டுக்கிடுங்க."

போனை அணைத்துவிட்டுத் திரும்பியவர் தன் இடத்துக்குப் போகவில்லை. நகரச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினார். நகர்ந்தேன். அந்த இடத்தில் உட்கார்ந்து அண்ணன் தலையை என் தோளிலிருந்து தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். நான் பிறந்து வளர்ந்த கோயில், ஆண்கள் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சபை முழுக்கத் திரும்பிற்று. போதகர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, பிறகு குரலைத் தணித்துக்கொண்டு மேலே சொன்னார். கடைசிப் பாட்டில் ஒரு வரிகூட என்னால் பாட முடியவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். அந்த மாதம் கோயிலைப் பூட்டுகிற முறை என்னுடையது. ஜன்னல்களைச் சாத்தினேன், விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன், அவர்கள் தலைக்கு மேல் ஓடுவதை மட்டும் விட்டேன். அண்ணன் வாய் திறந்தபடி உறங்கினார். மைனியின் தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. எழுப்பட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேண்டாம் நேசையா. சாவியத் தந்துட்டு நீ போ," என்றார். "அவரு எழும்பின பெறவு நான் பூட்டிக்கிடுதேன்."

சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.